கறையான் தின்னாத மாதா

போன மாதம் ஒரு நாள் பல் மருத்துவரிடம் போய்விட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. குடை வீட்டில் பத்திரமாக இருந்தது. ஒதுங்க இடம் பார்த்தால், சிங்கப்பூர் ஆற்றுப் பக்கம் தூண்களும் உயரமான சன்னல்களுமாக ஒரு பழைய கட்டடம். வெள்ளைக்காரர் காலத்தில் கப்பல் அலுவலகமாக இருந்தது. என் அப்பா வேலைச் சீட்டு வாங்க அதன் வாசலில் வரிசையில் நின்றிருக்கிறாராம், உள்ளே விட்டதில்லை. இப்போது அது அருங்காட்சியகம், மூத்தவர்களுக்குச் சலுகைக் கட்டணம். கலை ஆர்வத்தால் நுழைந்தேன் என்று உங்களிடம் சொல்லிக்கொள்ள ஆசைதான். கழிவறையைத் தேடித்தான் நுழைந்தேன்.

வந்த காரியம் முடிந்ததும், சீட்டு வாங்கியாயிற்றே, வீணாக்குவானேன் என்று மாடி ஏறினேன். ஐரோப்பியர் ஆண்ட ஊர்களில் செய்த வேதச் சுரூபங்களையும் படங்களையும் அறை அறையாக வைத்திருந்தார்கள். கோவாவில் செதுக்கிய தந்தக் குழந்தை இயேசு, மணிலாவிலிருந்து வந்த அந்தோனியார், சீனத் தச்சர் செய்ததால் சீனக் கண்ணோடு இருக்கும் சூசையப்பர். எல்லாரும் சின்ன வயதிலிருந்து பழகிய ஆட்கள். உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்தவள்போல ஒவ்வொருவரையும் மனத்துக்குள் விசாரித்துக்கொண்டே போனேன். மூன்றாவது அறையின் மூலையில், கண்ணாடிக்குள், எங்கள் மாதா நின்றுகொண்டிருந்தாள்.

எங்கள் மாதா என்றால், நாங்கள் பெட்டியில் வைத்து, குழி வெட்டி, வாய்விட்டு அழுது அடக்கம் செய்த மாதா.

முதலில் நம்பவில்லை. சேலை இல்லாமல் அவளை நான் அதிகம் பார்த்ததில்லை. பெரிய மனுஷி ஒருத்தியைக் குளியலறை வாசலில் பார்த்துவிட்டதுபோலக் கூச்சமாக இருந்தது. மர உடம்பு, தந்த முகம், தந்தக் கைகள். அதுபோல உலகத்தில் எத்தனையோ இருக்கும் என்று நகரப் போனவள், வலது கையைப் பார்த்தேன். சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களைவிடப் பருமன், நிறமும் வேறு. குனிந்து விளக்கப் பலகையைத் தேடினேன்.

கீழே ஆங்கிலத்தில் விளக்கம் எழுதியிருந்தது. அநேகமாகக் கோவாவில் செய்தது. சுண்டுவிரல் பிற்காலத்தில் எலும்பால் மாற்றப்பட்டுள்ளது. எண்பதுகளில் சிங்கப்பூரில் ஒரு குடும்பத்தினர் விலைக்கு வாங்கி, பின்னர் அன்பளிப்பாகத் தந்தது. எந்த ஆலயத்தைச் சேர்ந்தது எனத் தெரியவில்லை. மரத்தில் பூச்சி அரிப்பு ஏதுமில்லை, மிக நல்ல நிலையில் இருக்கிறது.

கடைசி வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்திருக்கிறேன் போலும். காவலுக்கு நின்ற தமிழ்ப் பெண் ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, கிளாஸ தொடாதீங்க லா. கேமரா இருக்கு."

"இது எங்க கோயில் மாதாம்மா" என்றேன். பல் பிடுங்கிய வாய் இன்னும் மரத்திருந்தது. என்ன சத்தம் வந்ததோ, அவள் எனக்கு மயக்கம் என்று நினைத்துக்கொண்டாள். "உக்காருங்க ஆன்ட்டி, தண்ணி கொண்டு வரட்டா?" என்று கைத்தாங்கலாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். உட்கார்ந்தேன். அந்த அறையில் குளிர்சாதனக் காற்றைத் தவிர எந்த வாசமும் இல்லை. அதுதான் என்னை முதலில் அழவைத்தது. எங்கள் மாதாவிடம் எப்போதும் ஒரு வாசம் இருக்கும். வாசம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், நாற்றம்தான். வேப்பெண்ணெய் நாற்றம்.

சிராங்கூன் ரோட்டை ஒட்டி அப்போது எத்தனையோ சந்துகள். அதில் ஒன்றின் கடைசியில், ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கோயில் எங்களுடையது. பெரிய பங்குக் கோயிலிலிருந்து சாமியார் ஞாயிறு சாயங்காலம் மட்டும் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் அது எங்கள் ராஜ்ஜியம். பீடத்தில் நின்றவளுக்குக் கரை மாதா என்று பெயர். கப்பலில் வந்த எங்கள் முன்னோரைப் பத்திரமாகக் கரை சேர்த்தவள் என்பார்கள். அவர்கள் கொண்டுவந்தார்களா, யாரோ போர்த்துக்கீசியன் விட்டுப் போனானா, ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். எங்களுக்குக் கதையைப் பற்றிக் கவலையில்லை. அவள் இருந்தாள், அது போதும். பக்கத்து வீட்டு இந்துப் பெண்கள்கூடப் பிள்ளைப்பேற்றுக்கு நேர்ந்துகொண்டு வளையல் வாங்கி வந்து போடுவார்கள்.

செப்டம்பரில் திருவிழா. அதற்கு முதல் நாள் மத்தியானம் கோயில் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே பெண்கள் மட்டும். சாமியாராக இருந்தாலும் வெளியேதான். மாதாவைக் கீழே இறக்கி, பழைய உடுப்பைக் களைந்து, உடம்பு முழுவதும் எண்ணெய் தடவுவார்கள். பிறகு வெள்ளை வேட்டித் துணியால் துடைத்து, அந்த வருடம் முறை வந்தவர் கொடுத்த சேலையைக் கட்டிவிடுவார்கள். எண்ணெய் தடவுவது என் அம்மாவின் வேலை. தேங்காய் எண்ணெயும் வேப்பெண்ணெயும் பாதிக்குப் பாதி. தேக்கா மார்க்கெட்டில் வாங்கி வந்து லேசாகச் சூடு காட்டி, உள்ளங்கையில் ஊற்றித் தேய்ப்பாள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த கை. நோயாளியைத் திருப்புவதுபோலவே மாதாவையும் திருப்புவாள். "கொஞ்சம் இந்தப் பக்கம் சாயும்மா, ஆங், அவ்ளோதான்" என்று பேச்சு வேறு. நான் பக்கத்தில் வாய் நிறைய ஊக்குகளைக் கவ்விக்கொண்டு நிற்பேன். அந்தச் சமயத்தில் மட்டும் நான் வாயாடாமல் இருந்ததாக அம்மா சொல்வாள். மறுநாள் கூடை கூடையாக மல்லிகை சாத்தினாலும் வேப்பெண்ணெய்தான் ஜெயிக்கும். முன் வரிசைப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டே அருள் நிறை மந்திரம் சொல்வோம்.

சுண்டுவிரல் போனதும் ஒரு திருவிழாவுக்கு முதல் நாள்தான். முந்தானையை மாதாவின் கையில் விடும்போது ஓர் அக்காவின் கண்ணாடி வளையல் சிக்கி, விரல் முறிந்து எங்கோ உருண்டுவிட்டது. பெஞ்சுக்கடியில் தவழ்ந்து தேடியும் கிடைக்கவில்லை. பெண்கள் பயந்துவிட்டார்கள். அம்மா மட்டும் மாதாவின் கையைத் துணியில் சுற்றிவிட்டு, சந்து முனையில் அலமாரி செய்துகொண்டிருந்த ஆ செங்கைக் கூட்டி வந்தாள். அவர் சீனர், மாதாவுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. கையைப் பார்த்தார். போய், சீனர்கள் காசு வைத்து ஆடுகிற மாஜோங்கின் உடைந்துபோன எலும்புக் காய் ஒன்றை எடுத்து வந்து, வாசற்படியில் உட்கார்ந்தே செதுக்கி ஒட்டிவிட்டார். "தா அப்பா லா, ஜாரி இனி லாகி குவாட்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். பரவாயில்லை, இந்த விரல் இன்னும் உறுதி என்று அர்த்தம். சீட்டாடக் கூடாது என்று பிரசங்கம் கேட்டே வளர்ந்த நாங்கள், மாஜோங் காய் விரலுள்ள மாதாவை அன்றைக்குத் தூக்கிப் பீடத்தில் வைத்தோம்.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆண், அதாவது ஆ செங்கைத் தவிர, என் ஞானப்பா. ஞானஸ்நானத்தில் என்னைக் கையில் ஏந்தி, இவளுடைய விசுவாசத்துக்கு நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தவர். சவரிமுத்து என்று பெயர். கோயில் நிர்வாகத்தில் தலைவர், சாவி அவர் இடுப்பில். ஏதோ கப்பல் கம்பெனியில் குமாஸ்தா, நல்ல ஆங்கிலம், வெள்ளைக் கால்சட்டையில் கத்தி மடிப்பு. அரசாங்கக் கடிதம் எது வந்தாலும் சந்தில் எல்லாரும் அவரிடம்தான் ஓடுவோம். சப்பரம் வரும்போது கூட்டத்தில் எனக்குத் தெரியவில்லை என்று அழுதால், கத்தி மடிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் என்னைத் தோளில் தூக்கிக்கொள்வார். பொய் சொல்வானேன், அப்பாவைவிட அவரை எனக்கு அதிகம் பிடிக்கும். அம்மா அவரைக் கூடப் பிறக்காத அண்ணன் என்பாள். கூடப் பிறந்தவர்களை அவள் அந்த அளவுக்கு நம்பியதில்லை.

எழுபதுகள் முடிகிற சமயம் எங்கள் சந்து முழுவதையும் அரசாங்கம் எடுத்துக்கொள்ளப்போவதாகக் கடிதம் வந்தது. ரோட்டை அகலப்படுத்துகிறார்கள். ஆளாளுக்குத் தோ பாயோ, அங் மோ கியோ என்று புளோக் வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு, கிடைத்துப் போய்க்கொண்டிருந்தோம். புது வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர், சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம். உண்மையைச் சொன்னால் அந்தச் சந்திலிருந்து போவதில் என் வயதுப் பெண்களுக்குக் கொண்டாட்டம்தான். நான் அப்போது மின்னணுத் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மாதாவைப் பெரிய பங்குக் கோயிலுக்குக் கொண்டுபோகலாம் என்று பேச்சு நடந்தது. அம்மாவுக்கு ஒரே கவலை, அங்கே எண்ணெய் தடவ விடுவார்களா என்பதுதான்.

ஒரு சனிக்கிழமை ஞானப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. அம்மா காப்பி கலக்கப் போனவள், அவர் முகத்தைப் பார்த்துத் திரும்பி வந்தாள்.

"தங்கச்சி, மனச தைரியப்படுத்திக்க. பேக் பண்ணலாம்னு மாதாவ எறக்கினேன். உள்ள ஒண்ணுமே இல்லம்மா, எல்லாம் கறையான் தின்னு வெறும் மண்ணா இருக்கு. தொட்டதும் மொகம் கழண்டு விழுந்துடுச்சு."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "எப்படிண்ணே? போன திருவிழாக்குக்கூட நல்லாத்தானே இருந்தா?"

அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, "சொன்னா வருத்தப்படக் கூடாது. வருஷா வருஷம் எண்ணெயத் தடவித் தடவி மரம் ஊறிப்போச்சு. அந்த ஈரத்துக்குத்தான் கறையான் வந்திருக்கு" என்றார்.

"நான் ஒரு தடவ பாத்துக்கிறேண்ணே."

"வேணாம்மா. நீ பாக்காத. அந்தப் பழைய மொகத்தோடயே நெனச்சுக்க."

எவ்வளவு பக்குவமாகச் சொன்னார் பாருங்கள். கோயிலின் பெஞ்சுகளில் கறையான் இருந்தது உண்மை, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வேப்பெண்ணெய் இருந்தால் கறையான் அண்டாது என்று தேக்காவில் எண்ணெய் விற்றவரைக் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். யார் கேட்டோம்? ஞானப்பா சொன்னால் எங்களுக்கு அது வேதவாக்கு.

மந்திரித்த சுரூபம் சிதைந்துவிட்டால் குப்பையில் போடக் கூடாது. எரிக்க வேண்டும் அல்லது மண்ணில் புதைக்க வேண்டும். கோயிலுக்குப் பின்னாலேயே புதைப்பது என்று முடிவானது. "மேல ரோடு வந்தா வரட்டும், அடியில நம்ம மாதா இருப்பா" என்றார் ஞானப்பா. யாருக்கும் தோண்டிப் பார்க்க முடியாத இடம் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு அந்தப் பேச்சைக் கேட்டுப் பெண்கள் தேம்பினார்கள். அம்மா தன் கல்யாணத்தில் மந்திரித்துக் கட்டிய சேலையைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாதாவை வெறும் மரப்பெட்டியில் அனுப்பக் கூடாதாம். ஞானப்பா அதை வாங்கி உள்ளே வைத்து, தானே ஆணியடித்தார். உள்ளேதான் வைத்தாரா என்று இப்போது என்னால் சத்தியம் செய்ய முடியாது.

நான் வேலைக்கு விடுப்பு எடுத்திருந்தேன். யார் இறந்தது என்று மேற்பார்வையாளர் கேட்டபோது, சொந்தக்காரர் ஒருவர் என்றேன். அது பொய்யாகத் தோன்றவில்லை. செபமாலை சொல்லி, மண் போட்டு, ஆளுக்கொரு மெழுகுவர்த்தி கொளுத்தினோம். பெட்டியை நாலு பேர் தூக்க முடியாமல் தூக்கி வந்தார்கள். கறையான் தின்று மண்ணாய்ப் போன மரம் எப்படி நாலு பேர் தோளை அப்படி அழுத்தும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூரை ஓடோ செங்கல்லோ, எதையோ மாதா என்று நம்பித் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறோம்.

கோயில் போனதை எல்லாரும் தாங்கிக்கொண்டார்கள். அம்மாவால்தான் முடியவில்லை. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய குறையாகப் போயிற்று. தோ பாயோ வீட்டுக்கு வந்த பிறகு வேப்பெண்ணெய் வாங்குவதை நிறுத்தினாள். என் தலைக்குத் தேங்காய் எண்ணெய்கூட வைத்துவிட மாட்டாள், "நீயே தேச்சுக்க" என்பாள். புதுப் பங்கில் மாதா சபைப் பெண்கள் பீடம் அலங்கரிக்கக் கூப்பிட்டால், "என்னைய விட்டுருங்க" என்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாள். கையைத் தவிர வேறு எதையும் பெருமையாக நினைக்காதவள், அந்தக் கையையே ஒளித்துவைத்துக்கொண்டாள்.

நாங்கள் தேக்காவுக்குப் போகும் பேருந்து புது ரோட்டின் மேலேதான் போகும். அந்த இடம் வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பாள். நான் தொழிற்சாலைத் தோழிகளோடு வரும் நாள்களில் எனக்கு மானம் போகும். ஒருமுறை பேருந்து குலுங்கி ஒரு செருப்பு முன்னால் ஓடிவிட்டது. நடத்துநர் காலால் தள்ளிக் கொடுத்தார். அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், இடம் தாண்டும்வரை போடவில்லை. கூரை ஓட்டுக்குக் கொடுத்த மரியாதை.

ஞானப்பாவுக்கு வக்காலத்து வாங்கியும் பார்த்துவிட்டேன். அந்த அறையில் உட்கார்ந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டே, அவரையும் யாராவது ஏமாற்றியிருக்கலாமே என்று யோசித்தேன். முடியவில்லை. சாவி அவரிடம் இருந்தது. முகம் கழன்று விழுந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர் அவர். அந்த முகம் இதோ ஒரு கீறல் இல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. என்ன விலைக்கு விற்றார் என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். அவருக்கு என்ன முடையோ. விற்றார் என்பதைக்கூட ஒருநாள் நான் விழுங்கிவிடுவேன். திருடு போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். மழையில் ஊறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பழி போட எத்தனையோ இருக்க, தன்னை அண்ணன் என்று கூப்பிட்டவள் தலையில் கொண்டுபோய் வைத்தாரே, அதுதான் தொண்டைக்குள் இறங்க மறுக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அப்படியும் அவளுக்கு அமைதி இல்லை. "அண்ணன வரச் சொல்லு" என்றாள். நான்தான் தொலைபேசியில் கூப்பிட்டேன். மறுநாள் காலை ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். முடி கொட்டியிருந்தது, கால்சட்டையில் மடிப்பு மட்டும் அப்படியே.

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எண்ணெய் தடவினது நாந்தானே. அவள நான்தானே கெடுத்தேன். உங்க வாயால மன்னிச்சேன்னு சொல்லிருங்க. மேல போய் அவ மொகத்துல முழிக்கணும்ல."

அவர் திணறினார். சன்னல் பக்கம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை உண்மை போதும்; நானும் சமையலறை வாசலில்தான் நின்றிருந்தேன், வேண்டாமென்றால் என்னை வெளியே போகச் சொல்லியிருக்கலாம். அவர் திணறியதை நான் பாசம் என்று நினைத்தேன். பிறகு அம்மாவின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டார்.

"மாதா எப்பவோ மன்னிச்சிட்டா தங்கச்சி. நானும் மன்னிச்சிட்டேன். நீ ஒண்ணும் நெனைக்காத."

அம்மா அன்று அரை கிண்ணம் கஞ்சி குடித்தாள். வாரக் கணக்கில் எதையும் தொடாதவள். எனக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார். மின்தூக்கிவரை கூடவே போனேன். "நீங்க வந்ததே போதும் ஞானப்பா. அம்மாக்கு இப்பத்தான் நிம்மதி" என்று சொல்லி, அவர் கையை எடுத்து உதட்டில் ஒற்றி முத்தி செய்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "கடவுள் ஆசீர்வதிப்பாரு பாப்பா" என்றார். கதவு மூடிக்கொண்டது.

அந்த வாரமே அம்மா போய்விட்டாள். சில வருடம் கழித்து ஞானப்பாவும். அவர் அடக்கத்தில் பிள்ளைகளைவிட அதிகமாக அழுதவள் நான். அவருடைய மனைவிதான் என்னைத் தேற்றினார். சந்து இல்லை, கோயில் இல்லை, ஆ செங்கின் கடை இருந்த இடம் எது என்று என்னாலேயே இப்போது காட்ட முடியாது. அம்மா படுத்திருந்த தோ பாயோ புளோக்கையும் இடித்துவிட்டார்கள். அழுதவர்களும் தூக்கியவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். யாரிடமாவது சொல்லி நியாயம் கேட்கலாம் என்றால் தொலைபேசியில் கூப்பிட ஓர் எண்கூட மிச்சமில்லை. அம்மா எந்தத் தப்பும் செய்யவில்லை என்பது இந்த ஊரில் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்கே தெரியாது.